நயினாதீவிலே ஒரு சுட்ட கத்தரிக்காய்ச் சம்பல்

ரொறொன்ரோ மாநகரிலிருந்து எமக்கு ஒரு கடிதம் வந்தது. பழைய வழக்கம் பற்றிக் கடிதம் என்கிறோம். உண்மையில் அது கைத்தொலைபேசியில் வந்த செய்திதான். எழுதியவள் எம் இல்லாளின் பெரிய தாயாருடைய பேத்தி. வயது 19; அங்கே பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். செய்தி இதுதான்:

"அம்மம்மா செய்யிற சுட்ட கத்தரிக்காய்ச் சம்பலைப் பத்துத் தரம் செய்து பார்த்திட்டன். ஒரு தரமும் அந்த வாசம் வரேல்லை. அளவு கேட்டால் கண்மட்டம் எண்டு சொல்லுறா. அவவுக்கு இப்ப கண்ணும் மங்கிக்கொண்டு வருகுதாம். நீங்கள் ஒருக்கால் நயினாதீவுக்குப் போய், பக்கத்திலை இருந்து, எல்லாத்தையும் நிறுத்து எழுதி அனுப்புங்கோ."

கண்மட்டத்தை நம்பிச் சமைக்கும் ஒருவருக்குக் கண் மங்குகிறதென்றால் காலம் தாழ்த்தலாகாது. மாசி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றின் காலையில், ஒரு சிறு தராசும், குறிப்புப் புத்தகமும், பேனாவுமாக, சோதனைக்குச் செல்லும் மாணாக்கரைப் போல நாமும் எம் இல்லாளும் புறப்பட்டோம்.

யாழ்ப்பாணத்திலிருந்து நயினாதீவுக்குச் செல்வோர் பண்ணைப் பாலத்தைக் கடந்து, மண்டைதீவுச் சந்தி, அல்லைப்பிட்டி, வேலணை என்னும் ஊர்களின் வழியாகப் புங்குடுதீவை அடைதல் வேண்டும். வேலணைக்கும் புங்குடுதீவுக்கும் இடையே கடலின் நடுவே நீண்டு கிடக்கும் வீதியிற் செல்லும்போது, பஸ் வண்டியில் உறங்கியவர்களும் விழித்துக்கொள்வார்கள். இரு புறமும் ஆழமில்லாத கடல், அதிலே மீன்பிடிக்கும் களங்கட்டிகளின் கம்புகள், கம்புக்கொன்றாக நீர்க்காகம். வீதி குறிகட்டுவான் துறையில் முடிகிறது. அப்பால் மோட்டார்ப் படகு.

படகிலே எமக்கு எதிரில் வெள்ளாடை உடுத்த சிங்கள யாத்திரிகர் ஒரு குடும்பமாக அமர்ந்திருந்தனர். மடியிலே தாமரை மொட்டுக்கள். எமக்குப் பக்கத்தில் அர்ச்சனைத் தட்டுடன் ஒரு மூதாட்டி. அவர்கள் நாகதீப விகாரைக்கு. இவர் நாகபூஷணி அம்மன் கோயிலுக்கு. கால் மணி நேரம் வரையான பிரயாணத்தில் இரு திறத்தாரும் அலைத் திவலையில் ஒரே வகையாக நனைந்தனர். கடலை நோக்கி நிற்கும் கோபுரம் சிறிது சிறிதாக உயர்ந்து வர, தீவு தோன்றுகிறது. ஏறக்குறைய நாலு சதுர கிலோமீற்றர் பரப்பே கொண்ட சிறு நிலம். அதற்குள் எத்தனை பழங்கதை!

மணிமேகலைக் காப்பியம் கூறும் மணிபல்லவம் இதுவே என்பார் பலர். அறிஞரிடையே இதுபற்றி வாதம் உண்டு. அங்குள்ள கோமுகிப் பொய்கையிலிருந்துதான் மணிமேகலைக்கு அமுதசுரபி கிடைத்தது என்பது கதை. அந்த அமுதசுரபியின் பெயராலேயே இன்று கோயிலுக்கு வருவோருக்கு அன்னதானம் நடைபெறுகிறது. பராக்கிரமபாகு மன்னனின் (ஆட்சிக்காலம் 1153 முதல் 1186 வரை) தமிழ்க் கல்வெட்டு ஒன்றும் இத்தீவில் உண்டு. யானையும் குதிரையும் ஏற்றிவரும் மரக்கலம் உடைந்தால் நாலில் ஒரு பங்கு அரசனுக்கு, மூன்று பங்கு உடையவனுக்கு. மற்றைச் சரக்கு ஏற்றிய கலமாயின் பாதிக்குப் பாதி என்று அது சட்டம் வகுக்கிறது. கடல்வழியே உலகம் வந்துபோன இடம் இது என்பதற்கு அக்கல்லே சாட்சி. நாம் தேடி வந்ததோ யானையுமன்று, குதிரையுமன்று, கத்தரிக்காய். அம்மனைத் தரிசித்துவிட்டு மாமியின் வீட்டை நோக்கி நடந்தோம்.

மாமிக்கு எண்பது வயதைக் கடந்துவிட்டது. பிள்ளைகள் நால்வரும் வெளிநாட்டில். முன்னாளில் தீவுப் பகுதி ஆடவர் கொழும்பிலும் தென்னிலங்கை ஊர்களிலும் கடை வைத்துப் பிழைத்தார்கள். ஆண்டுக்கு இரு முறையாயினும் வீடு திரும்பினார்கள். யுத்தத்தின் பின் போனவர்கள் பாரிசிலும் இலண்டனிலும் ரொறொன்ரோவிலும் வேர் விட்டுவிட்டார்கள். வேலி பனையோலையால் அடைத்தது. வளவிலே நாலு தென்னை, எண்ணாத பனை. கிணற்றடி ஓரத்தில் பத்துக் கத்தரிச் செடிகள். பாத்திரம் கழுவிய நீரும் கால் அலம்பிய நீருமே அச்செடிகளுக்குப் பாய்ச்சல். ஊதா நிறத்திலே நீண்டு மினுங்கிய காய்களைக் கண்டதும், தின்னவேலிக் கத்தரி என்று எம் இல்லாள் இனங்கண்டு கூறினார்.

வந்த காரியத்தைச் சொன்னோம். மாமி சிரித்தார்.

"உதுக்கே தராசு கொண்டு வந்தனியள்? சரி, இருங்கோ தம்பி. சுட்டுக் காட்டுறன்."

அடுப்பில் கனல் ஆயத்தமாக இருந்தது. இரண்டு காய்களைச் சுட்டார். கருகிப் புகைந்த அவற்றைச் சட்டியில் இட்டு, வெங்காயம் எடுத்துவர வெளியே சென்றார். அந்த நேரத்தில் நாம் ஒரு உதவி செய்வதாக நினைத்து ஒரு காரியம் செய்தோம். கரிந்த தோலை உரிக்க விரல் சுட்டது. அருகில் வாளி நிறையத் தெளிந்த நீர் இருந்தது. காய்களை அதிலே முக்கி, அலம்பி, தோலை நீக்கி, வெள்ளை வெளேரென்ற சதையைத் தட்டிலே அழகாக வைத்தோம். பார்ப்பதற்கு எவ்வளவு சுத்தம்!

மாமி திரும்பி வந்தார். தட்டை அவர் பார்க்கவில்லை, மூக்காலேயே அறிந்துகொண்டார்.

"ஐயோ தம்பி, கழுவிப்போட்டியளோ? வாசமெல்லாம் இப்ப வாளிக்குள்ளை கிடக்குது. குடிக்கிற தண்ணியும் போச்சு, கறியும் போச்சு."

எமக்கு நாணம் தாங்கவில்லை. அந்த வாளி நீர் குடிநீர் என்பதை நாம் அறிந்திலோம். வீட்டுக் கிணறு உவர்; குளிக்கவும் துவைக்கவுமே உதவும். குடிப்பதற்குரிய நீர் தொலைவிலிருந்து வருகிறது. அயல்வீட்டுப் பையன் ஒருவன் சைக்கிளில் கலன் கட்டி, ஒரு நாள் விட்டு ஒரு நாள் கொண்டுவந்து கொடுக்கிறான். அவன் இரு முறை மிதித்த மிதிப்பை நாம் ஒரு நொடியிலே கரிநீராக்கிவிட்டோம். மாமி அந்நீரை வீணாக்கவில்லை. அப்படியே தூக்கிச் சென்று கத்தரிச் செடிகளுக்கு ஊற்றினார். "அது தன்ரை காயின்ரை வாசத்தைத் தானே குடிக்கட்டும்" என்றார்.

இவ்விடத்தில் மாணவ நேயர்களுக்குத் தீவகத்து நீரைப் பற்றிச் சிறிது கூறுதல் பொருந்தும். இங்கே ஆறில்லை, மலையில்லை. ஐப்பசி முதல் மார்கழி வரை வடகீழ்ப் பருவக் காற்றுத் தரும் மழையே செல்வம். அம்மழை மணலிலும் சுண்ணக் கல்லின் வெடிப்புக்களிலும் இறங்கி, நிலத்தின் கீழுள்ள உப்பு நீரின்மேல் ஒரு வில்லையைப் போல மிதந்து நிற்கிறது. நன்னீர் பாரம் குறைந்தது. உப்பு நீர் பாரம் கூடியது. ஆதலால் இது நிகழ்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே 1 அடி நன்னீர் நின்றால் கீழே ஏறக்குறைய 40 அடி நன்னீர் நிற்கும் என்பது நூலோர் கணக்கு. மறுபக்கத்தையும் எண்ணிப் பாருங்கள்: மேலே 1 அடியை இறைத்துவிட்டால் கீழிருந்து உப்பு 40 அடி எழுந்து வரும். ஆசை மிகுந்து இறைத்த கிணறு உவராவது இவ்வாறே. உவர்நீரை நன்னீராக்கும் இயந்திரங்கள் இக்காலத்தில் தீவுப் பகுதிக்கு வந்துள்ளன. ஆயினும் ஒவ்வொரு செம்பையும் அளந்து வளர்ந்த கை, இயந்திரம் வந்துவிட்டது என்பதற்காக அளப்பதை விட்டுவிடுவதில்லை.

சம்பலின் இரகசியத்தில் பாதி எமக்கு அப்போதே விளங்கியது. கறி ஆக்கினால் கத்தரிக்காயை அரிதல் வேண்டும். அரிந்தது கறுக்காமலிருக்க நீரில் இடுதல் வேண்டும். பின் அந்த நீரைக் கொட்டி, வேக வைக்க வேறு நீர் வார்த்தல் வேண்டும். சுடும்போதோ காய் முழுசாக இருக்கிறது. கத்தரிக்காயில் 100-க்கு 90 பங்குக்கு மேல் நீர். அந்நீரிலேயே அது தோலுக்குள் தானாக வெந்துகொள்கிறது. இந்தச் சம்பல் தண்ணீர் கேளாத பண்டம். இதைக் கழுவச் சென்ற எம் அறிவை என்னென்பது!

புதிதாக இரண்டு காய் பறித்து வந்தோம். அடுப்பிலே மறுபடியும் கனல் வேண்டும். மாமி அடுக்கியது விறகன்று, ஊமல். பனங்கொட்டையைப் பாத்தியிலே புதைத்துக் கிழங்கு பிடுங்கியபின், கொட்டையைப் பிளந்து உள்ளிருக்கும் பூரானைத் தின்றுவிட்டு, எஞ்சிய ஓட்டைக் காயவைத்தால் அதுவே ஊமல். சுவாலை குறைவு; கனல் நெடுநேரம் நிற்கும். தென்னஞ்சிரட்டையும் ஆகும், ஆனால் அது சீக்கிரம் தணிந்துவிடும் என்பது மாமியின் அபிப்பிராயம். சுவாலை எரியும் அடுப்பிலே காயை இட்டால் தோல் மாத்திரம் கருகி உள் பச்சையாய் நிற்குமாம். ஆகவே கனலுக்குக் காத்திருந்தோம்.

காத்திருந்த வேளையில் உலகத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தோம். கத்தரிக்காயைச் சுட்டுப் பிசைவது நம்மவர் மட்டும் கண்ட வித்தையன்று. பஞ்சாபியர் சுட்ட காயை நெய்யிலே வெங்காயம், தக்காளியுடன் வதக்கிப் பர்த்தா என்பர். சிரியா, லெபனான் நாட்டினர் எள் விழுதும் எலுமிச்சஞ் சாறும் சேர்த்து முதப்பல் செய்வர். உருமேனியர் எண்ணெயும் வெங்காயமும் கலந்து ரொட்டியிலே தடவி உண்பர். தமிழ்நாட்டினர் புளி விட்டுக் கொத்சு ஆக்குவர். எங்கும் முதல் வேலை சுடுவதுதான். அதற்குப் பின் ஒவ்வொரு நாடும் தன் மண்ணில் விளையும் கொழுப்பைச் சேர்க்கிறது. எமக்குத் தேங்காய்ப் பால்.

காயின் ஆங்கிலப் பெயரே ஒரு கப்பற் கதை. வடமொழியில் வாதிங்கணம் என்று வழங்கிய பெயர், பாரசீகத்தில் பாதிங்கான் ஆகி, அராபியர் நாவிலே அல்-பாதிஞ்ஜான் ஆகி, ஐபீரிய நாடுகளுக்குப் போய்ப் போர்த்துக்கேயர் வாயிலே பெரிஞ்செலா ஆகி, அவர்கள் கப்பலிலேயே இந்நாட்டுக் கரைக்குத் திரும்பி வந்து பிரிஞ்சால் ஆயிற்று. பிறந்த வீட்டுக்குப் பெயர் மாறி வந்த பிள்ளை! அதே போர்த்துக்கேயர் 1619-இல் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றினர். மாமி அமர்ந்திருந்த குசினி என்னும் அறையின் பெயரும் அவர்கள் விட்டுச் சென்றதே. சம்பலிலே இடும் மிளகாயும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து அவர்கள் வழியாக வந்தது. சம்பல் என்ற சொல்லோ மலாய் நாட்டுச் சரக்கு. இத்தனை தேசம் கலந்த பண்டத்தை மாமி "எங்கடை ஊர்ச் சாப்பாடு" என்று சொல்வதில் ஒரு பிழையுமில்லை.

கனல் பழுத்தது. இனி மாமி செய்ததைச் செய்தபடியே கூறுவோம்.

எடுத்த காய்கள் இரண்டும் சேர்ந்து 400 கிராம். பருமனுக்கு ஏற்ற பாரம் இல்லாமல் கையிலே இலேசாக நிற்கும் காயே சிறந்தது. பாரமான காய் விதை முற்றியது. காம்பை வெட்டவில்லை, பிடித்துத் திருப்ப அது வேண்டும். கத்தி நுனியால் நாலு இடத்தில் குத்தினார். இல்லையேல் உள்ளே ஆவி முட்டி வெடிக்கும். நல்லெண்ணெய் இரு துளி எடுத்துத் தோலெங்கும் தடவிக் கனலின்மேல் வைத்தார்.

நாம் மணிக்கூட்டைப் பார்த்தபடி பேனாவுடன் இருந்தோம். மாமியோ கண்ணை மூடிக்கொண்டார். மங்கிய கண்ணை இந்த வேலைக்கு அவர் அழைப்பதே இல்லை என்பதை அப்போது கண்டோம். முதலில் பச்சைக் காயின் மணம். பின் காகிதம் பொசுங்குவது போன்ற மணம். அப்போது ஒரு முறை திருப்பினார். பிறகு குத்திய துவாரங்களிலிருந்து ஒரு சீறல் எழுந்தது, சாறு கனலிலே சொட்டி "சுர்" என்றது, மீண்டும் திருப்பினார். நேரம் செல்லச் செல்லச் சீறல் தணிந்தது. மணத்திலே ஓர் இனிப்புக் கலந்தது. காம்பின் அடியை விரலால் அமத்திப் பார்த்தார். அது வெண்ணெய் போல அமிழ்ந்தது. வயிறு வெந்துவிட்டது போலத் தோன்றினும் காம்படி வேகாதிருக்கும், அங்கேதான் பார்க்கவேண்டும் என்றார். மணிக்கூட்டிலே 22 நிமிடம். நாம் அதை எழுதினோம். எழுதிய பின், எழுதியதை நாமே அவ்வளவாக நம்பவில்லை. சீறல் தணிவதையும் காம்படி அமிழ்வதையும் அதன் அருகே பெரிய எழுத்தில் எழுதி வைத்தோம்.

சுட்ட காயைச் சட்டியில் இட்டுப் பத்து நிமிடம் மூடி வைத்தார். அந்த ஆவியிலே தோல் தானாகக் கழன்றது. விரல் நுனி சுடாமலிருக்க ஒரு சிறு கிண்ணத்து நீரில் விரலை மாத்திரம் நனைத்து உரித்தார். கரித்துணுக்கு இரண்டொன்று சதையில் ஒட்டி நின்றதைப் போக்க முயலவில்லை. "அது கிடக்கட்டும், அதுதான் ருசி" என்றார். சட்டியின் அடியிலே பழுப்பு நிறச் சாறு கொஞ்சம் தேங்கியிருந்தது. நாவிலே ஒரு துளி வைத்துப் பார்த்து, கசப்பில்லை என்று கண்டு சதையோடு சேர்த்தார். முற்றிய காயாயின் அச்சாறு கசக்கும், அப்போது செடிக்குத்தான்.

உரித்த சதை 240 கிராம். அம்மியில் அரைக்கவில்லை, கையாலே பிசைந்தார். அரைத்தால் களியாகிவிடும், நார் நாராக நாவில் தட்டவேண்டும். சின்ன வெங்காயம் எட்டுப் பொடியாக அரிந்தது, பச்சை மிளகாய் மூன்று, அளவான உப்பு. பாதித் தேங்காயைத் துருவி, ஒரு கை நீர் மாத்திரம் தெளித்துப் பிழிந்த முதற்பால் ஏறக்குறைய 100 மில்லிலீற்றர். காய் நன்றாக ஆறிய பின்னரே பாலை விட்டார். எல்லாம் கூடிய பின், பாதித் தேசிக்காயின் புளியைக் கடைசியாகப் பிழிந்தார். அடுப்பிலே மறுபடி வைப்பதில்லை. இவ்வளவுக்கும் செலவான நீர், அந்த ஒரு கையும் விரல் நனைத்த கிண்ணமும்!

மத்தியானம் குத்தரிசிச் சோறும், பருப்பும், முருங்கையிலை வறையும், இந்தச் சம்பலும். நாம் கழுவிக் கெடுத்த முதற் காய்களையும் மாமி எறியவில்லை. அவற்றையும் அவ்வாறே பிசைந்து ஒரு கோப்பையில் பக்கத்திலே வைத்தார். உப்பும் புளியும் பாலும் ஒன்றே, கனலும் ஒன்றே. ஒன்றிலே பனங்காட்டுப் புகை மூக்கின் உச்சி வரை ஏறியது. மற்றையது நோயாளிக்குக் கொடுக்கும் பத்தியம் போலிருந்தது. தண்டனையாக அதை நாமே உண்டு முடித்தோம்.

மாலைப் படகுக்கு எழுந்தபோது, மாமி வாழையிலையில் நாலு காய் சுற்றித் தந்தார். "பிள்ளைக்கு எழுதேக்கை, நான் நல்லாய் இருக்கிறன் எண்டும் எழுதுங்கோ. கண்ணைப் பற்றி எழுதாதேங்கோ" என்றார். பிள்ளைக்கு அது முன்னமே தெரியும் என்று நாம் சொல்லவில்லை.

வீடு திரும்பியதும் எல்லாவற்றையும் ஒழுங்காக எழுதி, முதல் வரியிலே ஒரு வினாவை வைத்தோம்: "நீ தோலை எப்படி உரிக்கிறாய்?" மறுநாளே விடை வந்தது. குழாய் நீரின் கீழே பிடித்து உரிக்கிறாளாம். ஏதோ படமொன்றில் அவ்வாறு காட்டினார்களாம். எமக்குத் துணை கிடைத்துவிட்டது என்று சிறிது ஆறுதல். அவளுடைய மாடிக் குடியிருப்பில் உள்ளது மின்னடுப்பு. ஊமலுக்கு எங்கே போவாள்? மின் சூளையின் மேற்சூட்டை உச்சத்தில் வைத்து, காய்களைக் குத்தி, மேல் தட்டிலே சூட்டுக்கு அருகில் இட்டு, தோல் முற்றாகக் கருகும் வரை திருப்பித் திருப்பிச் சுடும்படியும், அதன்பின் மூடிவைத்துக் கையாலேயே உரிக்கும்படியும் எழுதினோம்.

பத்து நாள் சென்றபின் மாமி எம் இல்லாளைத் தொலைபேசியில் அழைத்தார். பேத்தி பேசினாளாம். கத்தரிக்காய் கருகிய புகையிலே, கூரையில் மாட்டியிருக்கும் எச்சரிக்கை மணி அலறி, பக்கத்து வீட்டார் எல்லாரும் கதவைத் திறந்து வெளியே வந்துவிட்டார்களாம். அழாக்குறையாகச் சொன்னாளாம்.

"நான் சொன்னன்," என்றார் மாமி, "மணி அடிச்சதெண்டால் சரியாய்ச் சுட்டிருக்கிறாய் பிள்ளை, இனி மூடி வை எண்டு."